திருப்பிப் போட்ட பேரு

ஆபீஸ் நண்பன் ஒருத்தன் காசு கட்டி, மனைவி பேரை ஒரு நட்சத்திரத்துக்கு வச்சு சர்டிபிகேட்டும் வாங்கிட்டான். அது செல்லாதுங்க! பேரை அங்கீகரிக்கிறது சர்வதேச வானியல் ஒன்றியம். அவங்க பேரை விற்கிறதில்லை.

ஆனா காசே கட்டாம ஒருத்தர் பேரு ஏறியிருக்கு. 1814-ல் வெளியான இத்தாலியின் பலெர்மோ வானாய்வகப் பட்டியல்ல, டெல்ஃபினஸ் மண்டலத்து நட்சத்திரங்கள் ரெண்டுக்கு சுவாலோசின், ரோட்டனெவ்னு புதுப் பேர்கள். எந்த மொழின்னே புரியாத பேர்கள். பிறகு தாமஸ் வெப்ங்கிற ஆங்கிலேயப் பாதிரியார், எழுத்துகளைக் கடைசியிலிருந்து படிச்சார்: நிக்கோலஸ் வெனேட்டர்! வானாய்வகத் தலைவர் பியாஸியோட உதவியாளர் நிக்கோலோ கச்சியாத்தோரே பேரோட லத்தீன் வடிவம் அது. (ரெண்டு மொழியிலயும் வேட்டைக்காரன்னு அர்த்தம்.) 2016-ல் ஒன்றியமும் ரெண்டு பேரையும் அதிகாரப்பூர்வமாக்கிடுச்சு.

உதவியாளர் பேரு வானத்துல நிக்குது. நான் கோட்ல எழுதி வைக்கிற பேரு அடுத்த ரிலீஸ் வரைக்குமாவது நிக்குமா?