செவி

கேட்கவும், தள்ளாடாமல் நிற்கவும் துணைபுரியும் உறுப்பு. காது மடல் திரட்டித் தரும் ஒலியால் செவிப்பறை அதிர்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை வலுப்படுத்தி உட்செவிக்குக் கடத்துகின்றன. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ள அங்கவடிதான் மனித உடலின் மிகச் சிறிய எலும்பு. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டுள்ள காக்லியாவுக்குள் ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. அதன் தொடக்கம் கீச்சொலிக்கும் உச்சி கனத்த ஒலிக்கும் அதிர்கின்றன. இதை ஆராய்ந்த கியார்க் வான் பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அதிர்வை நரம்புச் செய்தியாக்குபவை ஒவ்வொரு காதிலும் உள்ள சுமார் 15,000 மயிர் செல்கள். பேரிரைச்சலில் அழிந்தால் அவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. வெடிச்சத்தத்துக்கும் ஹெட்போனுக்கும் அவற்றைப் பலிகொடுப்பது வேதனையான இழப்பு.

தட்டாமாலை சுற்றிய குழந்தை, நின்ற பிறகும் வீடே சுழல்கிறது என்று சொல்லும். அது பொய்யல்ல. உட்செவியின் மூன்று அரைவட்டக் குழாய்களிலுள்ள திரவம் உடல் நின்றவுடன் நின்றுவிடுவதில்லை. சுழலும் செய்தியே மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தலைச்சாய்வை உணர்த்த அருகே இரு சிறு பைகள் உண்டு. அவற்றிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் பிரிந்து குழாய்க்குள் விழுந்தால், படுக்கையில் புரண்டாலே தலை கிறுகிறுக்கும்.