சங்கரன்கோவிலில் இணையம் நின்ற மே மாதம்

இணையம் நாடு வாரியாகத் துண்டாகிறது என்றால் நாம் சீனாவின் தடுப்புச் சுவரையும், 2019-இல் ரஷ்யா கொண்டுவந்த 'இறையாண்மை இணைய'ச் சட்டத்தையும்தான் பேசுகிறோம். தோழர்களே, இதில் நம் ஊருக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கே எல்லைக்கோடு மாவட்டத்தைச் சுற்றி விழுந்தது.

2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடியில் காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். வேன் மேல் ஏறிக் குறிபார்க்கும் காவலரின் காட்சி கைபேசி கைபேசியாகப் பரவியது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் மே 27 வரை இணையத்தை நிறுத்த உள்துறைச் செயலர் உத்தரவிட்டார். வதந்தியைத் தடுக்கவாம்! தென்காசி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. சங்கரன்கோவில் திருநெல்வேலியில்தான் இருந்தது. துப்பாக்கிச் சூடு நடந்த இடத்திலிருந்து இவ்வளவு தள்ளி இருந்தும் நாமும் இருட்டுக்குள் போனோம். பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக்குத் தடை இல்லை.

அந்த உத்தரவின் வேர் வெள்ளைக்காரன் போட்ட 1885 தந்திச் சட்டம். அதன் கீழ் 2017-இல் வந்த விதிகளைப் படித்துப் பாருங்கள். நிறுத்திய உத்தரவை மறுஆய்வுக் குழு 5 வேலை நாட்களுக்குள் பார்க்க வேண்டும் என்று அவை அப்போது சொன்னன. மே 23 புதன்கிழமை. மே 27 ஞாயிறு. அதாவது குழு கூடக் கடைசி நாள் வருவதற்குள் தடையே முடிந்துவிடும். மருத்துவர் வருவதற்குள் பிணத்தை எடுத்துவிடுகிற ஏற்பாடு.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். அடுத்தவர் அச்சகம் நம் சேதியைப் போடாது என்று தெரிந்துதான் தொடங்கினார்கள். நூறு வருடம் கழித்து அந்த அச்சகம் நம் சட்டைப்பைக்கே வந்தது. விசைத்தறிக்காரரும் களையெடுக்கப் போகிறவரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் டிக்டாக்கில் முகம் காட்டினார்கள். "கண்ட கண்டதுகள் எல்லாம் ஆடுது" என்று முகம் சுளித்தவர்கள் யாரைச் சொன்னார்கள் என்று நமக்குத் தெரியாதா?

கல்வான் மோதலுக்குப் பின், 2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி 59 சீனச் செயலிகள் தடைசெய்யப்பட்டன. சீன நிறுவனத்துக்காக நாம் அழவில்லை. நம் தரவுகளை அமெரிக்க நிறுவனங்கள் அள்ளுவதும் நமக்கு உவப்பில்லை. ஆனால் இறையாண்மை என்ற பெயரில் கதவை மூடும்போது, உள்ளே இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

2020 ஜனவரியில், காஷ்மீர் முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1885 சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. நிறுத்தும் அதிகாரம் அதன் 20-ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை சிக்னல் போனால், சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்த உத்தரவின் நகல்.