சனிக்கிழமை மிட்டாய்

ஸ்வீடன் தேசத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கித் தருவதற்கென்று வாரத்தில் ஒரு நாள் ஏற்பட்டிருக்கிறது; அது சனிக்கிழமை. இடையில் கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளையிடம், சனிக்கிழமை வரட்டும் என்று தாய் சொல்லிவிட்டால் வழக்கு அத்துடன் தீர்ந்தது. பண்டிகை வந்தாலொழிய பட்சணத்துக்கு வாணலி ஏறாத நம் பாட்டிமார் காலத்து வீடுகள் இதைக் கேட்பவர் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் இது பரம்பரையாக வந்த ஆசாரமன்று. சர்க்கார் நடத்திய ஓர் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. பிறந்த இடமோ பெருமைப்படத் தக்கதன்று.

1930களில் அந்நாட்டில் பட்டாளத்துக்கு வந்த வாலிபர்களுள் சொத்தைப் பல் இல்லாத ஒருவனைக் காண்பது அபூர்வமாக இருந்தது. 1938இல் பொதுமக்களுக்கான பல் வைத்திய ஏற்பாட்டைத் தொடங்கிய சர்க்காருக்கு, அடைத்து முடிக்குமுன் அடுத்த பல் சொத்தையாகும் இந்த உபத்திரவத்தின் மூலகாரணத்தை அறிந்தாலன்றி விமோசனமில்லை என்று தோன்றிற்று. சர்க்கரையின் மீது சந்தேகம் இருந்தது, நிரூபணம் இல்லை. ஆகவே லுண்ட் நகரத்தையடுத்து, கடுமையான மனவளர்ச்சிக் குறைவுடையோருக்காக 1935இல் திறக்கப்பட்டிருந்த விபெஹோல்ம் ஆஸ்பத்திரியை ஆராய்ச்சிக் களமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இருந்தவர்கள் வெளியே போகமாட்டார்கள், கொடுத்ததை உண்பார்கள், மறுத்துச் சொல்லமாட்டார்கள் என்பதே அந்த இடத்தின் சௌகரியம்.

1945இல் வைட்டமின் சோதனையாகத் தொடங்கிய வேலை 1947இல் சர்க்கரைச் சோதனையாயிற்று. ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை நீர், மற்றொரு பிரிவினருக்கு இனிப்பு ரொட்டி, வேறு சிலருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே சாக்லேட் என்று பகுத்து, இன்னொரு பிரிவினருக்கு, பல்லில் ஒட்டிக்கொண்டு எளிதில் கரையாதபடி இந்தச் சோதனைக்கென்றே செய்யப்பட்ட டாஃபியைத் தினம் 24 வீதம் கொடுத்துவந்தார்கள். மிட்டாய்த் தொழிலதிபர்களும் இந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தார்கள் என்பது விசித்திரமான செய்தி. பலருடைய பற்கள் மீளாத நாசமடைந்தன. நோயாளிகளின் சம்மதமோ உறவினரின் சம்மதமோ கேட்கப்படவில்லை. மனிதர்மீது சோதனை செய்யுமுன் அவர்களுடைய சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று நூரம்பர்க் நீதிமன்றம் நாஜி வைத்தியர்களுக்குத் தீர்ப்புக் கூறியதும் அதே 1947ஆம் ஆண்டில்தான்!

ஆராய்ச்சியை நடத்திய பெங்க்ட் குஸ்டாஃப்ஸனும் அவருடைய சகாக்களும் 1954இல் வெளியிட்ட முடிவு, விஞ்ஞான ரீதியில், இன்றளவும் அசைக்கப்படவில்லை. உணவோடு சேர்த்து உண்ணும் சர்க்கரை பல்லுக்குச் செய்யும் தீங்கு சொற்பம். அதே சர்க்கரை ஒட்டும் பண்டமாகி, உணவு வேளைகளுக்கு நடுவே அடிக்கடி வாய்க்குள் போனால் தீங்கு பன்மடங்கு. அதை நிறுத்தினால் சொத்தை பரவும் வேகமும் தணிகிறது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்க, உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்லத் தணிக்கிறது. அதற்கு அவகாசம் கொடாமல் மென்றுகொண்டே இருப்பவனுடைய பல்தான் முதலில் போகிறது.

இதிலிருந்துதான், வேண்டுமட்டும் தின்னுங்கள், ஆனால் வாரம் ஒரு முறை மட்டும் என்ற உபதேசம் 1950களின் பிற்பகுதியில் அதிகாரிகளால் பரப்பப்பட்டது. சனிக்கிழமையில் அது வந்து அமர்ந்தது. பிற்காலத்துக் குழந்தைகளின் பற்கள் மேன்மையுற்றதற்கு, ஃபுளோரைடு கலந்த பற்பசைக்கும் இலவச வைத்தியத்துக்கும் உரிய பங்கைக் கொடுக்காமல் சனிக்கிழமைக்கே முழுப் புகழையும் சூட்டுவது நியாயமாகாது.

இந்தச் சனிக்கிழமை வழக்கத்தை மிதாகாரத்துக்கு உதாரணமாகப் பாராட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ஆராய்ச்சி பார்த்தது பல்லை மட்டுமே, உடலை அன்று. ஆகையால் அதன் விதியும் வேளையைக் கட்டுப்படுத்திற்றேயன்றி அளவைக் கட்டுப்படுத்தவில்லை. 1980களில் கடைதோறும் வண்ண வண்ண மிட்டாய்களைத் தொட்டி தொட்டியாகத் திறந்து வைத்து, வேண்டியதை அள்ளி நிறுத்துக்கொள்ளும் வியாபாரம் பெருகியபோது, அந்த விதியில் அதைத் தடுக்கும் வாசகம் ஏதும் இல்லை. சனிக்கிழமையை விடாமல் அனுஷ்டிக்கும் அந்த ஜனங்கள், தலைக்கு மிகுதியாக மிட்டாய் உண்ணும் தேசங்களின் வரிசையில் முன்னணியில் நிற்கிறார்கள்.