தெர்மாமீட்டரும் செல்போனும்

1929. குஜராத்தின் கத்தியவார் பகுதியில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். கெஞ்சிய பிறகு, சேரிக்கு வெளியே வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். அந்தத் தாய் இறந்துபோனார். 'யங் இந்தியா'வில் வெளிவந்த கணவரின் கடிதத்தை அம்பேத்கர் தன் நினைவுக்குறிப்புகளில் எடுத்து வைத்தார்.

கருவி சரியாகத்தான் வேலை செய்தது. தொடாமல் வைத்தியம் பார்க்க அதுவே வசதியாகவும் போயிற்று.

பொதுச்சாலையிலும் கிணற்றிலும் அரசு அலுவலகத்திலும் நமக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். அன்று கேட்டது நுழையும் உரிமை. இன்று பதிவேட்டில் நுழைவதும் அதன் தொடர்ச்சியே.

தமிழ்நாட்டில் 2008 முதல் கர்ப்பிணிகளின் விவரம் 'பிக்மி' என்ற கணினிப் பதிவில் ஏறுகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி அதை வைத்தே வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', பெரியவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்த்துப் பதிகிறது. பேத்தி முதல் பாட்டிவரை மொத்தக் குடும்பமும் இன்று பதிவுக்குள் வருகிறது.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறக்குறைய 31 சதவீதம் பட்டியல் சாதியினர். பூலாம்பாடி போன்ற ஊர்களில் இந்தப் பதிவு நமக்குப் பெரிய ஆயுதம். யார் சிபாரிசும் இல்லாமல் எண் கிடைக்கிறது. விடுபட்ட பெயருக்குக் கணக்குக் கேட்க முடிகிறது.

ஆனால் தெருமுனையில் நின்றுகொண்டே 'பார்த்தாயிற்று' என்று செல்போனில் குறிக்கவும் முடியும். அப்படி நடந்தால் அது பழைய தெர்மாமீட்டர்தான்.

தோழர்களே, உங்கள் தெருவில் வீடுவீடாகக் கேளுங்கள்: பதிவில் பெயர் இருக்கிறதா? பணம் முழுதாக வந்ததா? செவிலியர் வீட்டுக்குள் வந்து கையைப் பிடித்துப் பார்த்தாரா? விடைகளை எழுதி வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அரசின் எண்ணிக்கையை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நம் வேலை தொடங்குகிறது.