சிங்கராஜ வனம்: 1988க்கு முந்திய கதை

சிங்கராஜ வனம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1988ஆம் ஆண்டுதான். யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட ஆண்டு அது. பொது அறிவுப் போட்டிக்கு அது போதும். ஆனால் அந்தக் காடு 1988 வரை எப்படித் தப்பியது என்பதுதான் உண்மையான வரலாறு.

கடந்த விடுமுறையில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கலவானை வழியாகக் குடாவ நுழைவாயிலுக்குப் போனோம். அட்டைக்குப் பயந்து நீண்ட காலுறை போட்டுக்கொண்டு நடந்தோம். அடர்ந்த காட்டுக்குள் லொறி போகுமளவுக்கு அகலமான பாதை! காரணம், அது உண்மையிலேயே மரம் ஏற்றிய லொறிகளுக்காகப் போடப்பட்ட பாதை.

கதை ஆங்கிலேயர் காலத்தில் தொடங்குகிறது. பயிரிடப்படாத நிலமும் காடும் முடிக்குச் சொந்தம் என்று 1840இல் சட்டம் வந்தது. உரிமையை நிரூபிக்க உறுதி இல்லாத கிராமத்தவர் பலர் காணி இழந்தனர். அந்தப் போக்கின் தொடர்ச்சியாகவே 1875இல் சிங்கராஜ ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தது. காடு அரசின் சொத்தானது.

சொத்து என்றால் விற்கவும் முடியும்தானே? சுதந்திரத்துக்குப் பின், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் தேவைப்பட்டபோது அரசின் கண் இங்கே விழுந்தது. 1972இல் இயந்திரங்கள் உள்ளே போயின. பல தலைமுறை கண்ட பெருமரங்கள் சாய்ந்தன. நூறு வருடப் பழைய வர்த்தமானியால் ஒன்றையும் தடுக்க முடியவில்லை.

தடுத்தது மக்களின் குரல். இயற்கை ஆர்வலர்களும் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1977இல் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே அது உயிர்க்கோள ஒதுக்கமானது. பத்து ஆண்டுகள் கழித்துத்தான் உலக மரபுரிமைப் பட்டம்.

அங்குள்ள மர இனங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இலங்கைக்கு மட்டுமே உரியவை. இங்கே அழிந்தால் உலகில் வேறெங்கும் தேடிப் பெற முடியாது. காட்டோரக் கிராமத்தவருக்கோ அது கித்துல் பாணியும் பிரம்பும் மூலிகையும் தந்த வாழ்வாதாரம். காவல் என்ற பெயரில் அவர்களை மறந்தாலும் அநியாயம்தான்.

மாணவர்களுக்கு 1988ஐச் சொல்லும்போது 1977ஐயும் சேர்த்துச் சொல்வோம். பட்டம் கிடைத்த ஆண்டை விட, கோடரி நின்ற ஆண்டு பெரியது.

உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒதுக்குக் காடு எது? அதன் கதையைக் கீழே எழுதுங்கள், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.