நாவலப்பிட்டி: ஒரு புகையிரத நகரின் தோற்றம்

குடியேற்றவாதப் பொருளாதாரம் ஒரு நகரை எவ்வாறு தோற்றுவிக்கும் என்பதற்கு நாவலப்பிட்டி தெளிவான சான்றாகும். கொழும்பிலிருந்து 1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை, பேராதனையிற் பிரிந்து 1874இல் நாவலப்பிட்டியை வந்தடைந்தது. மலைத் தோட்டங்களின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். 1884இல் பாதை அட்டனுக்கு நீளும்வரை இதுவே இறுதி நிலையமாயிருந்தது. பண்டங்கள் மாட்டுவண்டியிலிருந்து புகையிரதத்துக்கு மாறிய இடம் நகராயிற்று.

ஆயின், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை வீழ்த்தியது. நகர் நிலைத்தமைக்குக் காரணம் தேயிலை. கோப்பி பருவகால உழைப்பையே பெரிதும் வேண்டிநின்றது. தேயிலையோ ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டியது. எனவே, தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களாகத் தோட்டங்களில் நிலைகொண்டனர். அவர்களது உழைப்பே புகையிரதத்தை நிரப்பியது. அவர்களது சொற்பக் கூலியே கடைவீதியையும் வாழவைத்தது.

இம்மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சிய நாடற்றோருக்காக 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. நகரை வாழவைத்தோர் நாட்டுக்கு அந்நியராக்கப்பட்ட இம்முரண்பாட்டை விலக்கிவிட்டு, நாவலப்பிட்டியின் வரலாற்றை நாம் எழுதமுடியாது.