கிளையிலே வேர்: விண்பதியம் கடந்து வந்த பாதை

போன்சாய் எனப்படும் குறுமரங்களைக் கண்டு வியக்காதவர் குறைவு. ஆனால், அம்மரங்கள் எப்படி உருவாகின்றன என்று கேட்டால் பெற்றோரும் மாணவரும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்கின்றனர்: விதையை ஊன்றி, தட்டில் வைத்து, ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்! அப்படி வளர்ந்தவையும் உண்டு. எனினும், அடிமரம் தடித்த குறுமரங்களுள் பல ஒரு காலத்தில் பெரிய மரத்தின் கிளைகளாக இருந்தவையே. கிளை தாய்மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடச் செய்து, பின்னர் அறுத்தெடுத்துத் தட்டில் நடுவார்கள். இதையே தமிழில் விண்பதியம் என்கிறோம். மலாயில் ‘துட்’ என்பர். ‘மார்காட்’ என்று நம் நாட்டு நாற்றுப்பண்ணைகளில் வழங்கும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது.

பயிற்சிக் கல்லூரியில் இதைச் செய்முறையாகக் கற்றோம். பட்டையை உரி, தேங்காய் நாரைக் கட்டு, காத்திரு... அவ்வளவுதான். இதற்கு ஒரு வரலாறு உண்டென்று அங்கே யாரும் சொல்லவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கியது பிறகுதான்.

அறிவியல் கண்காட்சிப் பலகைகளில் ‘விண்பதியத்தைக் கண்டுபிடித்தவர்கள் சீனர்கள்’ என்று ஒரு வரி தவறாமல் இடம்பெறும். சீனர்கள் இக்கலையில் கைதேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஓர் இனத்துக்கோ நாட்டுக்கோ எழுதிக் கொடுக்க முடியாது என்பதே என் கருத்து. கி.மு. 234 முதல் கி.மு. 149 வரை வாழ்ந்த ரோமானியர் கேட்டோ வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். இலத்தீன் உரைநடையில் முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அதுவே. அடியில் துளையிட்ட மண்கலம் அல்லது சிறு கூடையினுள் கிளையை நுழைத்து, மண்ணிட்டு மிதித்து, மரத்திலேயே விட்டுவிடுமாறு அதில் கூறுகிறார். ஈராண்டு ஆனபின் அடியில் வெட்டிக் கூடையோடு நட வேண்டுமாம். பட்டையை உரிப்பது பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஈராண்டு பிடித்ததில் வியப்பென்ன!

குறுமரத்தையும் விண்பதியத்தையும் சேர்த்துச் சொல்லும் குறிப்புகளுள் என்னை மிகவும் கவர்ந்தது ஜார்ஜ் ஸ்டான்டன் எழுதியது. 1793இல் மெக்கார்ட்னி பிரபுவின் தலைமையில் பிரிட்டிஷ் தூதுக்குழு ஒன்று சீனா சென்றது. அதில் இடம்பெற்ற ஸ்டான்டன் தம் நூலை 1797இல் வெளியிட்டார். கிழக்குக் கரையை ஒட்டிய தீவு நகரான திங்ஹாயில், ஆளுநரின் மண்டபத்தில் இரண்டடி உயரத்தைத் தாண்டாத பைன், ஓக், ஆரஞ்சு மரங்களை அவர் கண்டார். சில காய்த்திருந்தன.

அவற்றை உருவாக்கும் முறையையும் அவர் விவரிக்கிறார். அடிமரம் கிளையாகப் பிரியும் இடத்தருகே களிமண்ணை அப்பி, முரட்டுத் துணியால் கட்டி, ஈரம் காயாமல் காக்க வேண்டும். சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மெல்லிய வேர்கள் மண்ணுக்குள் இறங்கியதும் அப்பகுதியைக் கிளையோடு பிரித்து நடுவார்கள். மரம் மிகப் பழையதாகத் தோன்ற வேண்டுமானால் தண்டின் மீது வெல்லப்பாகைப் பூசுவார்களாம். இனிப்பைத் தேடி வரும் எறும்புகள் பட்டையை அரித்து முதுமைத் தோற்றத்தைத் தந்துவிடும்! (குறுமரக் கலையிலும் பூச்சு வேலை உண்டு போலும்.)

ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரங்களைத் தாம் கண்டதாக எழுதும் ஸ்டான்டன், முறையைக் கூறும்போது ‘இவ்வாறு செய்வதாகச் சொல்லப்படுகிறது’ என்கிறார். கண்டதையும் கேட்டதையும் அவர் கலக்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் சான்றுகளைப் பற்றிப் பேச இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கிளையில் ஏன் வேர் வருகிறது? 1670களில் இத்தாலிய மருத்துவர் மால்பிகி, மரத்தண்டில் வளையமாகப் பட்டையை நீக்கிப் பார்த்தார். வளையத்துக்கு மேற்பகுதி வீங்கியது. இலைகள் ஆக்கும் உணவு பட்டை வழியாகவே கீழே இறங்குகிறது. வழி அடைபட்டால் அங்கேயே தேங்குகிறது. நீரோ உள்கட்டை வழியாக மேலேறுவதால் கிளை வாடுவதில்லை. உணவோடு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளும் அங்கே சேர்கிறது. வேர்களைத் தூண்டுவது அதுவே என்பது 1930களில் தெளிவாயிற்று. தோட்டக்காரர்களின் கைகள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தன.

இவ்விடத்தில் எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது முன்பு ஓர் இரப்பர் தோட்டத்தினுள் இருந்தது. நிலம் கைமாறியதால் பள்ளி வேறிடத்துக்கு மாற்றப்படும் என்ற செய்தி வந்தது. வாயிலில் நின்ற கெமுனிங் மரத்தை முன்னாள் மாணவர்கள் நட்டிருந்தார்கள். அதைப் பெயர்த்தெடுக்க வழியில்லை. நாங்கள் சென்றபின் வெட்டிவிடுவார்கள் என்பது உறுதி. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், “கெளையில பதியம் போட்டுப் பாக்கலாம் சார்” என்று முன்வந்தார். முதலில் கட்டிய இரண்டிலும் வேர் வரவில்லை. பிரித்துப் பார்த்தால், உரித்த இடத்தில் புதுப்பட்டை மூடியிருந்தது!

காரணம் அவர் கையின் பழக்கம். பால் வெட்டும்போது கட்டையை ஒட்டியுள்ள கேம்பியம் என்னும் மெல்லிய படலத்தைக் கத்தி தொடக்கூடாது. தொட்டால் மரம் புண்ணாகும். பட்டை சீராக வளராது. விண்பதியத்திலோ அதே படலத்தை வழித்தெடுத்தாக வேண்டும். முப்பது ஆண்டுகள் காயப்படுத்தாமல் வெட்டிய கை, இங்கும் காயப்படுத்தாமல் வெட்டியிருந்தது. அடுத்த மூன்றில் வழவழப்பு போகும்வரை சுரண்டினார். மூன்று மாதத்தில் மூன்றிலும் வெண்வேர்கள் தெரிந்தன.

இன்று நாம் சுற்றும் பிளாஸ்டிக் தாளுக்கும் ஒரு கதை உண்டு. லைச்சியின் விதையில் முளைக்கும் மரம் தாய்மரத்தின் கனியைத் தருமென்ற உறுதியில்லை. காய்க்கவும் பல ஆண்டுகளாகும். ஆகவே தென்சீனத்தில் லைச்சியை விண்பதியத்திலேயே பெருக்கி வந்தனர். அமெரிக்காவின் புளோரிடாவில் லைச்சி பயிரிட்ட கர்னல் குரோவ் என்பவர், பதியத்தை இரப்பர் கலந்த பிளாஸ்டிக் தாளால் சுற்றும் முறையை 1947இல் எழுதி வெளியிட்டார். விரைவில் பாலிதீன் தாள் அவ்விடத்தைப் பிடித்தது. அது நீராவியை எளிதில் வெளியே விடாது. காற்றை ஓரளவு உள்ளே விடும். துணியும் நாரும் சுற்றிய காலத்தில் நீரூற்ற மறந்தால் வேர் காய்ந்துவிடும். பதியத்துக்கு மேலே துளையிட்ட பானையைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நனைத்ததெல்லாம் அதனால்தான்.

விண்பதியத்துக்குக் குறையும் உண்டு. ஆணிவேர் இல்லாததால், தோட்டத்தில் நட்ட மரம் பலத்த காற்றில் சாயக்கூடும். ஆழமற்ற தட்டில் வாழும் குறுமரத்துக்கோ அக்குறையே நலமாகிறது. வேர்கள் தண்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவும். ஜப்பானியர் ‘நெபாரி’ என்று போற்றும் அடிவேர் அழகு அதுதான்.

எங்கள் மூன்று பதியங்களுள் ஒன்று புதிய பள்ளியின் அலுவலகத்தின் முன் தட்டில் இருக்கிறது. மற்ற இரண்டும் நிலத்தில். தட்டிலுள்ளது முதல் ஆண்டிலேயே பூத்தது. பிரித்தெடுத்த கிளை பூக்கும் காய்க்கும் திறனை இழப்பதில்லை என்று ஸ்டான்டனும் குறித்திருக்கிறார். பெயர்ப்பலகை எழுதிய ஐந்தாம் ஆண்டு மாணவி என்னிடம் கேட்டாள்: “சார், இதுக்கு ஒரு வயசா, இல்ல பழைய மரத்தோட வயசா?” வகுப்பு இரண்டாகப் பிரிந்து அரைமணி நேரம் வாதிட்டது. கடைசியில் பழைய மரம் நடப்பட்ட ஆண்டையும் கிளையை அறுத்த ஆண்டையும் பலகையில் எழுதினார்கள். வயதுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.